பலகையில் இரண்டு தடம்

எல்லோரும் சௌக்கியம்தானே? மூட்டெல்லாம் ஒத்துழைக்கிறதா? தினமும் நாலு எட்டு நடக்கிறீர்களா, இல்லை நடக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு செல்போனை நோண்டுகிறீர்களா? நடங்கள், வேண்டாமென்று யார் சொன்னது. ஆனால் நடந்தே இளைத்த ஒரு மகானுபாவர் கதையைக் கேட்டுவிட்டு நடங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் ட்ரெட்மில்லை நிறுத்தினார். பெல்ட் இழுத்து இழுத்து ஓடி நின்றது. அவரும் நின்றார். அதற்கப்புறம் ஒரு அடி கேட்டது.

தொப்பென்று, சதைப்பிடிப்பான பாதம் ரப்பரில் விழுகிற மாதிரி ஒரே ஒரு அடி. அவருக்குப் பின்னால்.

திரும்பிப் பார்த்தார். இஸ்திரிப் பலகை, பழைய சூட்கேஸ்கள், பாதி இழுத்துவிட்ட திரைச்சீலை வழியாகத் தரையில் விழுந்திருந்த வெயில். வேறொன்றுமில்லை. மிஷின் சூடாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

ஆள் யாரென்று சொல்லவில்லையே. பெரிய துணிக்கடையில் ஆண்கள் ரெடிமேட் பிரிவுக்கு சூப்பர்வைசர். கழுத்தில் டேப் தொங்கும், ஆனால் எடுத்து அளந்ததாகச் சரித்திரமில்லை. உள்ளே வருகிறவரை ஒரு பார்வை பார்த்தே இடுப்பு முப்பத்தாறா நாற்பத்திரண்டா என்று சொல்லிவிடுவார். அதையாவது நல்ல விதமாகச் சொல்வாரா? "உங்க சைஸ் இந்த மாடியில இல்ல சார். கூடாரம் தைக்கிற இடத்துல விசாரிச்சுப் பாருங்க" என்பார். பில் போடும் பெண்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். வந்தவர் காது சிவந்து படியிறங்கிப் போவார்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் இவரே நூற்றுப் பதினெட்டு கிலோ என்பதுதான் வேடிக்கை. படியேறினால் மூக்கு விசிலடிக்கும். தொடை உரசிப் புண்ணாகாமல் இருக்க வேர்க்குருப் பவுடரை டப்பா டப்பாவாகக் கொட்டிக்கொள்வார். டாக்டர் இதயத்தைக் காட்டி மிரட்டினதில் ட்ரெட்மில் வாங்கிப் பின்னறையில் போட்டு, காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று நடக்க ஆரம்பித்தார். அதைக் குறை சொல்ல முடியாது. விடாமல் நடந்தார். இளைத்தார். எழுபது கிலோ வந்ததும் அதே டாக்டர், "போதும் சார், இதோட நிறுத்திக்கோங்க" என்றார்.

"அந்த டாக்டருக்கே தொப்பை. வந்துட்டார் எனக்குச் சொல்ல" என்றார் இவர் வீட்டுக்கு வந்து.

நிறுத்தவில்லை. லீவு நாளில் மத்தியானமும் நடந்தார். அறுபத்தைந்து, அறுபது, ஐம்பத்தெட்டு. கன்னம் ஒட்டி, சட்டைக் காலருக்குள் கழுத்து மணியின் நாக்கு மாதிரி ஆடியது. அவருக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: அந்தப் பழைய ஆள் திரும்பி வரவே கூடாது. ஆல்பத்தில் இருந்த அவனுடைய படங்களை வெட்டி எடுத்தார். 'அவன்' என்றுதான் சொல்வார். "அந்தப் பன்னியோட பத்து வருஷம் எப்படித்தான் குடும்பம் நடத்தினியோ" என்று மனைவியிடமே கேட்டார்.

அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "அந்த மனுஷனை ஏன் கரிச்சுக் கொட்டறீங்க? பாவம், என்னைச் சிரிக்க வெச்சுக்கிட்டே இருப்பார்" என்றாள்.

"உனக்கு அவன்தான் லாயக்கு. உன் சைஸைப் பாரு."

அவள் நிமிரவில்லை. நறுக்குகிற சத்தம் மட்டும் கொஞ்சம் வேகமாகக் கேட்டது.

அந்த ஒற்றை அடி மறுநாளும் கேட்டது. அடுத்த நாள் இரண்டாக. பிறகு அவர் நடக்கும்போதே, மோட்டாரின் ரீங்காரத்துக்கு அடியில், தன் டக் டக்குக்கு அரை நொடி பின்னால் ஒரு தொப் தொப். கூடவே அடைத்த மூக்கு வழியாக மெல்லிய விசில். மழை பெய்து ஜன்னலெல்லாம் சாத்தியிருந்த ஒரு மாலையில் ஒரு வாசனையும் வந்தது: வியர்வையில் ஊறி, கட்டி கட்டியாகித் துணியில் ஒட்டிக்கொண்ட வேர்க்குருப் பவுடர். அவர் வீட்டில் அந்த டப்பா இல்லாமல் போய் ஒரு வருஷமாயிற்று.

சர்வீஸ்காரரை வரவழைத்தார். நல்ல பருமனான மனிதர், மூச்சு வாங்க மாடியேறி வந்தார். "பார்த்து ஏறுங்க, மிஷின் தாங்கணும்" என்று வரவேற்றார் சூப்பர்வைசர். அந்த மனிதருக்கு இதெல்லாம் பழக்கம் போலிருக்கிறது. பின்பக்கத் திருகைத் தளர்த்தி, பெல்ட்டைத் தூக்கி, அடியிலிருந்த பலகையில் டார்ச் அடித்தார்.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரே நேரத்துல ரெண்டு பேர் ஏறாதீங்க சார்."

"யார் ஏறினா? நான் மட்டும்தான் நடக்கறேன்."

"கால் விழற இடத்துல பலகை தேயும், இல்லையா? இதோ முன்னாடி, இது நீங்க. லேசா இருக்கு. பின்னாடி பாருங்க." டார்ச் வெளிச்சம் நகர்ந்தது. பலகையின் கறுப்பு மெருகு இரண்டு அகலமான இடங்களில் வெளுத்துப் போயிருந்தது. "பாதம் அகலம். குதிகாலை ஊன்றி ஊன்றி நடக்கறவர். உங்களைவிடக் கொஞ்சம் கனமாவே இருப்பார்."

அவர் குனிந்து தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டார்.

"கடைசியில நின்னு ஆரம்பிச்சிருக்கார். இப்படியே கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி வந்திருக்கார்." சர்வீஸ்காரர் நாலு விரலைச் சேர்த்து இரண்டு தடங்களுக்கும் நடுவில் வைத்தார். இடைவெளி சரியாக நிரம்பியது. "வீட்டம்மாவா சார்?"

"அவளாவது, நடக்கறதாவது" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

சர்வீஸ்காரர் போன பிறகு பிளக்கைப் பிடுங்கிப் போட்டார். பக்கத்திலேயே போகக் கூடாது என்று முடிவு செய்தார். அதுதான் தப்பாகப் போயிற்று. மிஷினில் இருந்தவரை பெல்ட்டாவது அதைப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தது. இப்போது கடையில் பேன்ட் வரிசைகளுக்கு நடுவில் நடந்தால் ஹேங்கர்களுக்கு அந்தப் பக்கம் யாரோ கூடவே நடந்தார்கள். நின்றால், நெருங்கினார்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது பிடரியில் சூடாக, ஈரமாக, விசிலோடு ஒரு மூச்சு பட்டது. பாதிப் பேச்சில் விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தார். உட்காரப் பயம். சாப்பாட்டைக்கூட ஹாலில் நடந்துகொண்டே சாப்பிட்டார். இரவு படுத்தபோது மெத்தையின் நடுவில், அவருக்கும் மனைவிக்கும் இடையில், மெல்ல மெல்ல ஒரு பள்ளம் விழுந்தது. எழுந்து விடியும்வரை நடந்தார்.

"நேத்து நல்ல தூக்கம் தெரியுமா" என்றாள் அவள் காலையில். "எத்தனை நாளாச்சு இப்படித் தூங்கி."

எதற்கும் இருக்கட்டும் என்று எடை மிஷினில் ஏறினார். ஐம்பத்தெட்டு. நூற்றுப் பதினெட்டில் இங்கே ஐம்பத்தெட்டு. அப்படியானால் மீதி அறுபது. இத்தனை நாள் அந்தக் கணக்கைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவர்தான். இப்போது குளியலறையில், குழாய் சொட்டுகிற சத்தத்தில், எந்தப் பக்கம் பெரியது என்று தெரிந்துபோயிற்று.

மறுபடி ஞாயிற்றுக்கிழமை. பிளக்கை மாட்டினார். ஓடினால்தான் தப்பலாம். ஓடி அதை மறுபடி பெல்ட்டின் கடைசிக்குத் தள்ளிவிட வேண்டும், அங்கிருந்து தரையில் விழுந்து ஒழியட்டும்.

"வாடா பன்னி. உன்னால முடியுமா பார்க்கலாம்" என்றார்.

வேகம் ஏழு. திரைச்சீலை வழியாக வந்த வெயில் மிஷினின் பக்கவாட்டில் ஏறி, கைப்பிடியில் நின்று, சுவருக்குப் போய் மஞ்சளாகி, பழுத்து, மங்கியது. அவர் இறங்கவில்லை. மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியும் வியர்வை கண்ணில் இறங்கி எரித்தது. வேகம் எட்டு. மோட்டார் சூடாகிற வாசனை. அதையும் மீறிப் பவுடர் வாசனை. தொப். தொப். தொப். இப்போது அரை நொடி இடைவெளிகூட இல்லை. அவர் கால் எடுக்கிற இடத்தில் அந்தக் கால் விழுந்தது. அதற்கு மூச்சு வாங்கவே இல்லை. நிதானமாக வந்தது. சாப்பிட்டுவிட்டு உலாவ வந்த மாதிரி.

வேகம் ஒன்பது.

முதுகில் ஏதோ பட்டது. மெத்தென்று. வயிறு.

கத்தினார். சத்தம் கொசு ரீங்காரமாக வந்தது.

கதவு திறந்தது. மனைவி. கையில் கரண்டி.

"நிறுத்தாதே" என்றார். "நிறுத்தாதே, நிறுத்தாதே."

அவள் அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலே பார்த்தாள். கரண்டி கீழே விழுந்தது. பயப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் முகம் மலர்ந்தது. ஒன்றரை வருஷமாக அவர் பார்க்காத முகம்.

"என்னங்க" என்றாள். "எங்க போயிட்டீங்க இத்தனை நாளா?"

பின்னால், மூக்கு விசிலோடு, யாரோ கூச்சமாகச் சிரித்தார்கள்.

"நான் இங்க இருக்கேன்! ஏய்! இங்க!"

"டீ போட்டிருக்கேன், வாங்க. இப்படியா நடந்துக்கிட்டே இருப்பீங்க."

கையை நீட்டினாள். சிவப்புப் பொத்தான்.

பெல்ட் இழுத்தது. தளர்ந்தது. நின்றது.

ஒரு பெரிய, ஈரமான, சூடான உடம்பு அவர் வழியாகவே நடந்து போயிற்று. ஈரக் கோலப்பொடியைத் துடைப்பம் தள்ளுகிற மாதிரிகூட இல்லை. அவ்வளவு எதிர்ப்புகூட அவரிடம் இல்லை. தரை அதிர அது இறங்கியது. அவள் அதன் கையைப் பிடித்துக்கொண்டாள். கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் சமையலறையில் நாற்காலி முனகியது, ஸ்பூன் சுற்றியது, அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

மின்விசிறியை அணைக்க மறந்துவிட்டார்கள். அவர் கதவுப் பக்கம் போகக் காலெடுத்து வைத்தார். கால் தரையில் படவில்லை. காற்று அவரைத் தூக்கி, இரண்டு சுற்றுச் சுற்றி, சுவரின் மூலையில் கொண்டுபோய் ஒட்டியது. அங்கேயே இருக்கிறார், காலண்டர் தாள் மாதிரி படபடத்துக்கொண்டு. கால் மட்டும் நிற்கவில்லை. நடக்கிறது, நடக்கிறது, நடந்துகொண்டே இருக்கிறது.

உங்களுக்குத் தெரிந்தவர்களில் யாராவது இப்படி ஏகமாக இளைத்திருந்தால், குறைந்த கிலோவெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று கொஞ்சம் விசாரித்து எனக்கு எழுதுங்கள். வீட்டில் இருக்கிறவர்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.