பொத்தான் ராஜா கவிழ்ந்த சாயங்காலம்

வீட்டில் எல்லோரும் அவளைக் குண்டூசி என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மா தையல் வேலை செய்கிறவள். அந்த வீட்டில் பிறந்து, ஆளும் ஒல்லியாக, பேச்சும் கொஞ்சம் குத்தலாக இருந்தால் வேறு என்ன பெயர் கிடைக்கும்?

முன்னறையில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய மேசை இருந்தது. அம்மா துணி வெட்டும் மேசை. ஆனால் கொஞ்ச காலமாக அம்மா அதில் வெட்டுவதில்லை. தரையில் துணியை விரித்து, முட்டி போட்டுக் குனிந்து வெட்டுகிறாள். எழுந்திருக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் அப்படியே நிற்பாள்.

மேசைக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அதன்மேல் ஒரு போர் நடந்துகொண்டிருந்தது.

அக்கா நர்ஸ் வேலைக்காக ரொம்ப தூரத்து ஊருக்குக் கிளம்பிய அன்று, துணியில் கோடு போடும் அம்மாவின் சாக்குக்கட்டியை எடுத்து, மேசைமேல் கட்டம் கட்டமாகச் சதுரங்கப் பலகை வரைந்தாள். காய்களுக்குப் பொத்தான் டப்பா இருந்தது. மேல்கோட்டில் தைக்கிற பெரிய பொத்தான் ராஜா. கல் பதித்தது ராணி. நாலு ஓட்டைப் பொத்தான் யானை. சட்டைப் பொத்தான்கள் எல்லாம் சிப்பாய்கள்.

"ஒரு போனுக்கு ஆளுக்கு ஒரு தடவைதான் காயை நகர்த்தணும்," என்றாள் அக்கா. "அங்கயும் நான் இதே மாதிரி ஒரு பலகை வச்சுக்கிறேன். தோத்தவங்க தன் ராஜாவைத் தன் கையாலயே கவுத்து வைக்கணும். சம்மதமா?"

"நீதான் கவுக்கப் போற," என்றாள் குண்டூசி. அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னதால் அது அவ்வளவு வீரமாக வரவில்லை.

அன்று முதல் தினமும் சாயங்காலம், ராத்திரி டூட்டிக்குப் போகும் முன்னால் அக்கா போன் செய்வாள். குண்டூசி ஒரு காயை நகர்த்துவாள், அக்கா ஒரு காயை நகர்த்துவாள். நடுவில் ஊர்க்கதை, பள்ளிக்கூடத்துக் கதை எல்லாம் ஓடும்.

இப்போது குண்டூசியிடம் ராஜா மட்டும்தான் மிச்சம். அக்காவிடம் ராணி இருந்தது, யானை இருந்தது. தோல்வி என்று பலகையைப் பார்த்தாலே தெரியும். குண்டூசிக்கும் தெரியும். ஆனாலும் அவள் ராஜாவை இந்தக் கட்டத்துக்கும் அந்தக் கட்டத்துக்கும் ஓட்டிக்கொண்டே இருந்தாள்.

காரணம் இதுதான். அவளுடைய தோழி ஒருத்தியின் அண்ணனும் வேலைக்காக வெளியூர் போனான். முதலில் தினமும் பேசினான். பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசினான். இப்போது எப்போதாவது, 'நல்லாருக்கியா' என்று ஒரு மெசேஜ் வருகிறது. அவ்வளவுதான். ஆட்டம் முடிந்துவிட்டால் அக்காவும் அப்படி ஆகிவிடுவாளோ?

அந்த வாரம் இங்கிலீஷ் டீச்சர் ஒரு டப்பாவில் சீட்டுப் போட்டுக் குலுக்கி, ஆளுக்கு ஒரு வினைச்சொல் எடுத்து, அதை வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார். குண்டூசிக்கு வந்தது 'கன்சீட்' (concede).

"அகராதியில பார்த்தேன் டீச்சர். ஒப்புக்கொள்றதுன்னு போட்டிருக்கு. விட்டுக்கொடுக்கறதுன்னும் போட்டிருக்கு."

"ரெண்டும் சரிதான். ஆனா மனசு வராம ஒத்துக்கிறதுக்குத்தான் இந்தச் சொல். வாதத்துல எதிராளி சொல்றது சரின்னு தெரியுது, வாய் வரமாட்டேங்குது, இருந்தாலும் ஒத்துக்கிறோம். தேர்தல்ல தோத்தவர் ஒத்துக்கிறார். சந்தோஷமா ஒத்துக்கிறதுக்கு வேற சொல் இருக்கு," என்றார் டீச்சர். பிறகு எல்லோரையும் பார்த்து, "வாக்கியம் உங்க வாழ்க்கையில நிஜமா நடந்ததா இருக்கணும். அகராதியில இருக்கறதைக் காப்பியடிச்சா கண்டுபிடிச்சுடுவேன்," என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓட்டைக்கை பெருமூச்சு விட்டாள். அண்ணனிடமிருந்து மெசேஜ் மட்டும் வருகிற தோழி இவள்தான். பள்ளிக் கால்பந்து அணியின் கோல்கீப்பர். அவள் கையில் பந்து நிற்காததால் இந்தப் பட்டப்பெயர்.

"அந்தச் சீட்டு எனக்கு வந்திருக்கலாம். கோல் விட்டாலும் அந்தச் சொல்லைத்தான் போடுவாங்களாம். ஒரு மேட்ச்சை வச்சே நான் அரை நோட்டு எழுதியிருப்பேன்," என்றாள்.

சாயங்காலம் இருவரும் சேர்ந்து குண்டூசியின் வீட்டுக்கு வந்தார்கள். ஓட்டைக்கை பொத்தான்களை உற்றுப் பார்த்தாள். பந்துதான் அவள் கையில் நிற்காது, சதுரங்கத்தில் கெட்டி.

"உன் ராஜா கடைசி வரிசையில நிக்கிறார். அதுக்கு முன் வரிசையை ராணி பூட்டி வச்சிருக்கு. அந்த யானை கடைசி வரிசைக்கு வந்தா ஆட்டம் முடிஞ்சுது. உங்க அக்கா ஏன் கொண்டுவராம இருக்கா?"

"கவனிச்சிருக்க மாட்டா."

"உனக்கு ஆடச் சொல்லிக்குடுத்ததே அவதானே?"

குண்டூசி யானையைப் பார்த்தாள். முந்தின நாள் அக்கா யானையைக் காரணமே இல்லாமல் ஒரு கட்டம் தள்ளிவைத்தது ஞாபகம் வந்தது. அதற்கு முந்தின நாளும் அப்படித்தான். அக்கா வேண்டுமென்றேதான் ஜெயிக்காமல் இருக்கிறாள்.

ஓட்டைக்கை போன பிறகு, அம்மா தரையில் ஒரு பெரிய திரைத்துணியை விரித்தாள். அறை போதாமல் துணி சமையலறை வாசல்வரை போயிற்று. பாதி வெட்டிவிட்டு எழப் பார்த்தாள், முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள்.

"அம்மா, நீ ஏன் ஒரு தடவைகூட மேசையைக் கேக்கல?"

"ராஜா குடும்பம் மேல இருக்கட்டும். நமக்குத் தரை போதும்," என்று சிரித்தாள் அம்மா. பிறகு சாக்குக்கட்டிக் கோடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "அது அக்கா கையால போட்ட கோடு. துணி விரிச்சா அழிஞ்சுடும்ல."

அம்மாவுக்கும் அக்கா வேண்டும் என்பது குண்டூசிக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளாக, தான் மட்டும்தான் ஏங்குவதாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது.

"என்ன குண்டூசி, ராஜா எந்தப் பக்கம் ஓடறார்?" அக்காவின் குரலில் கொட்டாவி கலந்திருந்தது.

குண்டூசி பொத்தான்மேல் விரலை வைத்தாள். பக்கத்துக் கட்டம் காலியாகத்தான் இருந்தது. ஒரு தள்ளு தள்ளினால் போதும், இன்னொரு நாள் கிடைத்துவிடும். வாயைத் திறந்தாள், மூடினாள். அம்மா இடுப்பைத் தடவிக்கொள்வது தெரிந்தது.

"அக்கா, நான் ஒத்துக்கிறேன்."

"எதை?"

"தோத்துட்டேன். நீ எப்பவோ ஜெயிச்சாச்சு."

"ஏன்டி, இன்னும் ஓட இடம் இருக்கே," என்றாள் அக்கா மெல்ல.

"நீ யானையைக் கொண்டுவர மாட்டேங்கிற. நான் எங்க நின்னாலும் நீ பிடிக்கப் போறதில்ல. அம்மா தரையில குனிஞ்சு குனிஞ்சு வெட்டறா, இடுப்பு பிடிச்சுக்குது. மேசை அம்மாவுக்கு வேணும்."

"அம்மா என்கிட்ட சொல்லவே இல்லையே."

"அம்மா யார்கிட்டயும் சொல்லல."

அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "ஜெயிச்சுட்டா ஆட்டம் முடிஞ்சுடும்ல. அப்புறம் நான் போன் பண்ணினா, உனக்குப் பேச என்ன இருக்கும்? 'அப்புறம் பேசறேன்'னு வச்சுட்டு விளையாட ஓடிடுவியோன்னு இருந்துச்சு. இங்க ராத்திரி முழுக்க யார் யார் குரலோ கேக்குது. உன் குரலைக் கேட்டுட்டுப் போனாத்தான் எனக்கு வேலை ஓடும்."

"நானா ஓடுவேன்? நீதான் கூப்பிட மாட்டியோன்னு நான் பயந்துக்கிட்டு இருக்கேன்."

இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அழுதார்கள் என்றும் சொல்லலாம். போனில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

"கவுக்கறேன்," என்று சொல்லி, குண்டூசி போனை மேசையோரமாகப் பிடித்துக்கொண்டு ராஜாப் பொத்தானைக் கவிழ்த்து வைத்தாள். டொக் என்றது.

"கேட்டுச்சு," என்றாள் அக்கா.

குண்டூசி பொத்தான்களை டப்பாவில் போட்டாள். அம்மா திரைத்துணியைத் தூக்கி மேசைமேல் விரித்தாள். நிமிர்ந்து நின்றபடி கத்தரிக்கோலை ஓட்டினாள். வெட்டி முடித்துத் துணியை எடுத்தபோது, மேசையில் கோடுகள் பாதி கலைந்திருந்தன. மீதி துணியின் அடிப்பக்கத்தில் மங்கலாக ஒட்டியிருந்தது.

"உதறினா போயிடும்," என்றாள் அம்மா. ஆனால் அவள் உதறவில்லை. மடித்து வைத்துவிட்டாள்.

மறுநாள் வகுப்பில் குண்டூசி எழுந்து வாக்கியத்தைப் படித்தாள். அக்காவிடம் ஆட்டத்தில் தோல்வியை ஒப்புக்கொண்டேன் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தாள். 'கன்சீட்' வரும் இடத்தில் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. டீச்சர் காப்பியா என்று கேட்கவில்லை.

சாயங்காலம் ஆயிற்று. அம்மா மேசையில் வெட்டிக்கொண்டிருந்தாள். குண்டூசி மேசையின் ஓரத்தில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வழக்கமான நேரம் வந்தது, போனது. அம்மாவின் கத்தரிக்கோலும் நின்று நின்று ஓடியது.

"பஸ் லேட்டா இருக்கும்," என்றாள் அம்மா. அக்கா பஸ்ஸில் போவதில்லை, ஆஸ்பத்திரி விடுதியிலேயே இருக்கிறாள் என்பது இருவருக்கும் தெரியும்.

போன் அடித்தது. குண்டூசி எடுத்த வேகத்தில் பொத்தான் டப்பா உருண்டது.

"குண்டூசி, நகர்த்தறதுக்கு ஒரு காய்கூட இல்ல," என்றாள் அக்கா. "சும்மாதான் கூப்பிட்டேன்."