விருந்தாளி அறையில் ஒரு வாரம்

லுஜைன் அந்த மீன்தொட்டியை இடம் மாற்றியிருக்கவே கூடாது. மாற்றிவிட்டாள். நாலு பேர் பாராட்ட வேண்டும் என்ற ஆசைதான், வேறென்ன!

தொட்டி அவளுடையதும் அல்ல, சித்தி மகள் வஸனுடையது. குளிர்காலம் முழுக்கத் தெற்கே கடலோர நகரமான அகபாவில் அப்பாவுக்கு வேலை என்று வஸன் குடும்பத்தோடு கிளம்பியபோது, ஐந்து கப்பி மீன்களையும் தண்ணீருக்குள் வைக்கும் ஒரு குட்டி ஹீட்டரையும் அம்மான் நகரில் இருக்கும் லுஜைனிடம் ஒப்படைத்தாள். "கணப்பு இருக்கிற அறையிலயே வை," என்று மூன்று முறை சொன்னாள். எட்டு வயதில் அத்தனை கண்டிப்பு.

லுஜைன் வீட்டில் குளிர்காலத்தில் சூடாக இருப்பது ஒரே ஓர் அறைதான். எரிவாயுக் கணப்பைச் சுற்றித்தான் சாப்பாடு, வீட்டுப்பாடம், சண்டை, ஈரக் காலுறை எல்லாமே. விருந்தாளி அறை மூடியே கிடக்கும். தங்க நிற இருக்கைகள் அழகாக இருக்கும், ஆனால் உள்ளே போனால் பல் தந்தியடிக்கும்.

ஜனவரியில் ஒருநாள் அம்மாவின் தோழிகள் வருவதாக இருந்தது. வழக்கம்போல் கணப்பை அந்த அறைக்கு உருட்டினார்கள். லுஜைன் அண்ணன் இயாஸைக் கெஞ்சி, தொட்டியையும் தூக்கிவரச் செய்தாள். பக்கத்து வீட்டு உம்மு தாமர் மீன்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எவ்வளவு பொறுப்பான பொண்ணு!" என்று எல்லாரும் சொன்னார்கள். லுஜைனுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

விருந்தாளிகள் போனதும் கணப்பு திரும்பி வந்தது. தொட்டி வரவில்லை. நாளைக்குத் தூக்கலாம் என்று விட்டாள். மறுநாளும் அப்படியே. இன்னும் யாராவது வந்து பார்க்கட்டுமே என்று ஒரு நப்பாசை வேறு. மூன்றாம் நாள் மீன்கள் அடியில் அசையாமல் கிடந்தன. தூங்குகின்றன என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அப்படி இல்லை என்று அவளுக்கே உள்ளூரத் தெரியும்.

எட்டாம் நாள் காலையில் இரண்டு மீன்கள் இறந்துகிடந்தன. அதில் ஒன்று மிஷ்மிஷ். வால் பழுத்த பாதாமிப் பழத்தின் ஆரஞ்சு நிறம், பெயரும் அந்தப் பழத்தின் பெயர்தான். வஸனுக்கு உயிர். ஹீட்டரின் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. பாவம், அதுவும் தன்னால் ஆனதைச் செய்திருக்கிறது. ஆனாலும் தொட்டியின் வெப்பமானி பதினாறு டிகிரியைத் தாண்டவில்லை.

தூக்க லேசாக இருக்கட்டும் என்று லுஜைன் அழுதுகொண்டே பாதித் தண்ணீரை இறைத்தாள். இயாஸும் அவளுமாகத் தொட்டியைக் கணப்பு அறைக்குக் கொண்டுவந்தார்கள்.

"எதுக்கு அழற? வெள்ளிக்கிழமைச் சந்தையில இதே மாதிரி ரெண்டு வாங்கிப் போட்டுடலாம். அவளுக்கு என்ன தெரியப்போகுது?" என்றான் இயாஸ்.

யோசனை நன்றாகத்தான் இருந்தது. லுஜைன் அரை மணி நேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, வேறொரு மீனைப் பார்த்து வஸன் ஆசையாக "மிஷ்மிஷ்" என்று கூப்பிடுவதை நினைத்துப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை. அகபாவுக்குப் போன் போட்டு, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

"மிஷ்மிஷா?" என்றாள் வஸன்.

"ஆமா. என் தப்புதான்."

வஸன் போனை வைத்துவிட்டாள். லுஜைன் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். பத்து நிமிடம் கழித்து வஸனே கூப்பிட்டாள். குரல் கம்மியிருந்தது.

"மிச்சம் மூணும் நல்லா இருக்கணும். காலையில கணப்பு அறை எவ்வளவு குளிருதுன்னு பாத்துச் சொல்லு."

படுக்கப் போகும்போது கணப்பை அணைத்துவிடுவார்கள். விடிந்ததும் பார்த்தால் பதினான்கு டிகிரி. வஸனின் வீட்டிலோ கட்டடம் முழுக்க இரவும் பகலும் சூடாக இருக்கும். இருபத்தைந்து லிட்டர் தொட்டிக்கு அங்கே இருபத்தைந்து வாட் போதும். இங்கே இரண்டு மடங்கு வேண்டும் என்று இருவரும் போனிலேயே கணக்குப் போட்டார்கள்.

வெள்ளிக்கிழமைச் சந்தையில் கடைக்காரர் இருநூறு வாட் ஹீட்டரை எடுத்து நீட்டினார். பெரியதாக வாங்கினால் கவலை இல்லை என்று இயாஸும் ஒத்து ஊதினான்.

"அது ஒருநாள் அணையாம ஓடிச்சுன்னா மீன் குழம்பாயிடும்," என்றாள் லுஜைன். "அம்பது வாட் குடுங்க."

அதன்பின் தினமும் காலையில் கண் விழித்ததும் வெப்பமானியைத்தான் பார்த்தாள். தண்ணீர் இருபத்து நான்கு டிகிரியில் நின்றது. மூன்று மீன்களும் மேலே வந்து இரை எடுத்தன. மிஷ்மிஷ் எப்போதும் இடது மூலையில்தான் வந்து நிற்கும். இரை போடும்போதெல்லாம் அவள் கை முதலில் அந்த மூலைக்குத்தான் போனது.

மார்ச் மாதம் வஸன் வந்தாள். தொட்டியின் முன் மண்டியிட்டு, காலியாக இருந்த இடது மூலையையே பார்த்தாள். லுஜைன் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த நேரம் பார்த்து உம்மு தாமரும் மீன்களைப் பார்க்க வந்துவிட்டார். அம்மா தொட்டியை விருந்தாளி அறைக்குத் தூக்கச் சொன்னாள்.

"வேணாம் யம்மா. மாமி இங்கேயே வந்து பாக்கட்டும்," என்றாள் லுஜைன்.

வேறு வழியில்லை. உம்மு தாமர் ஈரக் காலுறைகளுக்கும் ஆரஞ்சுத் தோல்களுக்கும் நடுவே உட்கார்ந்தார். அம்மாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "மாஷா அல்லா, மூணும் என்ன அழகு! நீ பொறுப்பான பொண்ணுன்னு நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார் உம்மு தாமர்.

லுஜைன் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அஞ்சு இருந்துச்சு மாமி. நான்தான் ரெண்டைச் சாக விட்டுட்டேன்."

வஸன் திரும்பி அவளைப் பார்த்தாள். பிறகு இரை டப்பாவை எடுத்து லுஜைன் கையில் வைத்தாள்.

"இன்னிக்கு நீயே போடு," என்றாள்.