சுவர்ப் பக்கம்

ஸ்பாஞ்சு தேய்க்கும் சத்தம் இரண்டாகக் கேட்டது.

அவள் குழாயை மூடிவிட்டுக் கவனித்தாள். சமையலறை ஜன்னலுக்கு நேர் வெளியே, கார் ஷெட்டில், கொழுந்தன் குனிந்து வண்டியின் முன்கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் கை வட்டமாகப் போய் வட்டமாக வந்தது. ஒவ்வொரு வட்டத்துக்கும் ஈரத் தகரத்தின் மேல் ஸ்பாஞ்சு சளக் சளக்கென்றது. அது ஒரு சத்தம். அதற்கு அடியில், வண்டிக்கு அந்தப் பக்கத்தில், சுவரை ஒட்டி இன்னொன்று இருந்தது. நீளமாக ஓர் இழுப்பு, ஒரு நிறுத்தம், மறுபடி நீளமாக ஓர் இழுப்பு.

கொழுந்தன் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டான். வட்டச் சத்தம் நின்றது. சற்றுத் தாமதித்து நீளச் சத்தமும் நின்றது.

எதிரொலி என்று சொல்லிக்கொண்டாள். தகரக் கூரை, மூன்று பக்கமும் சுவர், வேறென்ன இருக்கும். ஆனால் அவள் கை, தேய்த்துக் கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடி எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தது.

மத்தியானம் அவன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். கையில் ஒரு பை. அதில் ஷாம்பு பாட்டில், ஸ்பாஞ்சு, பாலிஷ் டப்பா. வண்டி சும்மா நின்றால் வீணாகிவிடும், கழுவிப் பாலிஷ் போட்டு நானே எடுத்துப்போய் ஓட்டுகிறேன் என்றான். கேட்பதுபோலத்தான் சொன்னான், ஆனால் கை ஏற்கெனவே நீண்டிருந்தது. அவள் சாவியைக் கொடுத்தாள். அந்த வண்டி கண்ணெதிரில் இல்லாமல் போனால் போதும் என்றிருந்தது. கணவன் செத்ததிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை. மெக்கானிக் ஒருவர் வந்து, கழற்றிக் கிடந்த சக்கரத்தை மாட்டிவிட்டுக் கூலி வாங்காமல் போனார், அவ்வளவுதான். மழைக்காலம் முழுதும் சாரலும் தூசியும் மாறி மாறிப் படிந்து, கறுப்பு வண்டி எலியின் நிறத்துக்கு வந்திருந்தது.

கணவன் உயிரோடு இருந்தவரை அதில் ஒரு விரல்தடம் நின்றதில்லை. வாரா வாரம் கழுவுவான். ஒரு வாளியில் ஷாம்புத் தண்ணீர், இன்னொன்றில் ஸ்பாஞ்சை அலச வெறும் தண்ணீர். கூரையில் தொடங்கிக் கீழே இறங்குவான். நேராகத்தான் தேய்க்க வேண்டும், முன்னிருந்து பின்னுக்கு. வட்டமாகத் தேய்த்தால் கறுப்புப் பெயிண்டில் சிலந்தி வலைபோல் கீறல் விழும், நிழலில் தெரியாது, வெயிலில் காட்டிக்கொடுக்கும் என்பான். வண்டிமேல் இருக்கும் அக்கறையில் பாதி என்மேல் இருக்கிறதா என்று அவள் கேட்டால், உன்னையும் வாரம் ஒருதரம் மெழுகு போட்டு நிறுத்தவா டீச்சரம்மா என்பான். அவள் பள்ளியில் இலக்கணம் எடுப்பவள். பிள்ளைகள் மிஸ் என்பார்கள். டீச்சரம்மா என்று கூப்பிட்டது அவன் ஒருவன்தான்.

தம்பிக்கும் கற்றுக்கொடுக்கப் பார்த்தான். தம்பியின் கை வட்டத்தை விடவில்லை. என்னடா, மாவாட்டுறியா என்று ஒருநாள் தெருவே பார்க்க ஸ்பாஞ்சைப் பிடுங்கித் தரையில் எறிந்தான். தரையில் விழுந்த ஸ்பாஞ்சில் மணல் ஒட்டியிருக்கும், இனி அது வண்டிக்கு ஆகாது, உன் மூஞ்சியைத் தேய்த்துக்கொள் என்றான். தம்பி சிரித்தான். அந்தச் சிரிப்பு வெகுநேரம் அப்படியே நின்றது அவளுக்கு நினைவிருக்கிறது.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சுவர்ப் பக்கத்துப் பின்சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, உள்வளைவில் ஒட்டியிருந்த தாரைத் துடைக்கக் கணவன் வண்டிக்கு அடியில் நுழைந்தான். ஜாக்கி சரிந்தது.

சத்தம் மறுபடி தொடங்கியது. வட்டம். அதன் அடியில் நீளம்.

எதிரொலி வட்டத்தை நீளமாக்காது.

ஜன்னலருகே போனாள். ஷெட்டுக்குள் மாலை சீக்கிரம் வந்துவிடும். வெளியே தெரு இன்னும் வெளிச்சமாக இருக்க, உள்ளே தண்ணீரும் தரையும் ஒரே நிறமாகிக்கொண்டிருந்தன. ஷாம்புவின் எலுமிச்சை வாசனை வந்தது. அதனூடே வேறொன்றும் வந்தது, மெழுகும் மண்ணெண்ணெயும் கலந்த கனமான வாசனை, கணவனின் சட்டைகளில் துவைத்தும் போகாமல் இருக்கும் வாசனை. கொழுந்தன் கொண்டுவந்த பாலிஷ் டப்பா திண்டின் மேல் மூடி திறக்காமல் இருந்தது.

அவன் ஜன்னலுக்கு வந்து தண்ணீர் கேட்டான். டம்ளரை நீட்டினாள். குடித்துக்கொண்டே, அண்ணன் இருந்திருந்தால் இந்நேரம் நாலு தடவை திட்டியிருப்பான் என்றான். தன் வண்டியைத் தொடுகிறவனைப் பிக்பாக்கெட் அடிக்க வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பான் என்றான். அவள் சிரிக்கவில்லை. அவன் தோளுக்கு மேலாக வண்டியின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூரை முழுதும் நுரை. இந்தப் பாதியில் வட்டங்கள், ஒன்றின்மேல் ஒன்று ஏறி. அந்தப் பாதியில் கோடுகள். ரூல்தடி வைத்துப் போட்டதுபோல, முன்னிருந்து பின்னுக்கு.

அவள் பார்வையை அவன் வேறு விதமாக எடுத்துக்கொண்டான். குரலை இறக்கினான்.

"அங்கேயே பாத்துட்டு இருக்காதீங்க அண்ணி. அண்ணன் உங்க நெனப்பாத்தான் போனான். கடைசி வரைக்கும் டீச்சரம்மா, டீச்சரம்மான்னுதான் கூப்பிட்டுட்டு இருந்தான்."

டம்ளரைக் கொடுத்துவிட்டுப் போனான்.

அவள் டம்ளரைப் பிடித்தபடி நின்றாள். போலீசிடம் அவன் சொன்னது அவளுக்கு மனப்பாடம். துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னதும் அதேதான், ஒரு சொல் மாறாமல்: பாலிஷ் வாங்கத் தெருமுனைக் கடைக்குப் போயிருந்தேன், திரும்பி வந்து பார்த்தால் எல்லாம் முடிந்திருந்தது. அவள் அப்போது வீட்டுக்குப் பின்னால் இருந்தாள். வாஷிங் மெஷின் துணி பிழிந்துகொண்டிருந்தது. அந்தப் பழைய மெஷின் பிழியும்போது லாரி ஏறுவதுபோல் சுவரெல்லாம் அதிரும். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கணவன் கூப்பிட்டிருக்க மாட்டான், ஒரு நொடியில் போயிருப்பான் என்று நம்பித்தான் இத்தனை நாள் தூங்கினாள்.

கூப்பிட்டான் என்றால் ஒருமுறை. கூப்பிட்டுக்கொண்டிருந்தான் என்றால் நேரம் ஓடியிருக்கிறது. அந்த நேரத்தில் ஒருவன் பக்கத்தில் நின்றிருக்கிறான். கையைக் கட்டிக்கொண்டு நின்றானோ, சிரித்துக்கொண்டு நின்றானோ. நின்று, குரல் அடங்கும் வரை கேட்டுவிட்டு, பிறகு கடைக்கு நடந்திருக்கிறான்.

டம்ளரை மெதுவாகக் கவிழ்த்து வைத்தாள்.

இருட்டியது. சமையலறை விளக்கைப் போட்டாள். ஜன்னலிலிருந்து ஒரு மஞ்சள் கட்டம் வண்டியின் பக்கவாட்டில் விழுந்தது. கொழுந்தன் டிக்கியை முடித்து, வாளியைத் தூக்கிக்கொண்டு, மெல்ல விசிலடித்தபடி வண்டியைச் சுற்றி அந்தப் பக்கம் போனான். சுவருக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நகரலாம், கஷ்டப்பட்டுக் குந்தலாம். வண்டிக் கூரைக்கு மேல் அவன் தலை மட்டும் நகர்ந்தது.

அவன் அங்கே நுழைந்ததும் நீளச் சத்தம் நின்றுவிட்டது.

இப்போது சொல்லலாம். வெளியே வா, அங்கே போகாதே என்று சொல்லலாம். நாக்கு அதற்குத் தயாராகவே இருந்தது.

"அண்ணி," என்றான் அவன். "இந்தப் பக்கம் நீங்க கழுவினீங்களா?"

அவள் சிங்க்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா."

"எப்ப?"

"காலையில."

"முன்னாடியே சொல்லியிருந்தா பாதி வேலை மிச்சமாயிருக்குமே. கண்ணாடி மாதிரி வச்சிருக்கீங்க. மெழுகு வேற போட்டீங்களா?"

போட்டேன் என்றாள். தன் குரல் வகுப்பில் பாடம் நடத்தும் குரல்போல் நிதானமாக வந்தது அவளுக்கே வியப்பாக இருந்தது. இன்னும் ஒன்றுதான் பாக்கி. அதையும் சொன்னாள்.

"பின்சக்கரத்துக்கு உள்ள மட்டும் முடியல. அங்க குனிஞ்சு பாரு."

தலை ஒரு கணம் தயங்கியது. அந்த இடம் எது என்று அவனுக்குத் தெரியும்.

"பயமா இருந்தா விடு," என்றாள். "நானே பாத்துக்கறேன்."

"பயமா? எனக்கா?" சிரித்தான். அதே சிரிப்பு.

தலை கீழே போனது.

அவள் காத்திருந்தாள். ஷெட்டில் எங்கோ தண்ணீர் சொட்டியது. மெழுகு வாசனை இப்போது சமையலறைக்குள்ளேயே இருந்தது.

"இங்க ஒண்ணும் அழுக்கே இல்லையே," என்றது குரல், தரையிலிருந்து. பிறகு, "அண்ணி."

சாதாரணமாகத்தான் கூப்பிட்டான். துணி கேட்பதுபோல.

"அண்ணி, கொஞ்சம் வாங்களேன்."

வண்டி அந்தப் பக்கமாக மெல்லச் சாய்ந்தது. கூரையிலிருந்த நுரை வழுகி இறங்கியது.

"அண்ணி."

குழாயைத் திறந்தாள். முழுதாகத் திறந்தாள். தண்ணீர் பாத்திரத்தில் மோதி இரைந்தது. அதையும் மீறிக் கேட்டது. அண்ணி. அண்ணி. முதலில் வேகமாக. பிறகு இடைவெளி விட்டு. பிறகு மூச்சு மட்டும், அந்தச் சொல்லின் வடிவில்.

வாசல் பக்கத்தில்தான் இருந்தது. ஓடினால் போய்விடலாம். அவள் ஓடவில்லை. பல் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டது. அந்தப் பயத்துக்கு நடுவிலும் ஒன்று நடுங்காமல் இருந்தது. அது கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கூப்பாட்டையும் வாங்கி வைத்துக்கொண்டது.

கூப்பிடுடா. நீயும் இப்படித்தானே கேட்டுட்டு நின்னே.

குரல் அடங்கியது.

குழாயை மூடினாள். வண்டி நிமிர்ந்துகொண்டது. முடிந்தது என்று உதடு அசைத்துச் சொன்னாள். எல்லாம் முடிந்தது.

நீளமாக ஓர் இழுப்பு.

ஒரு நிறுத்தம்.

மறுபடி.

தகரத்தின் மேல் இல்லை. சத்தம் மென்மையாக இருந்தது. ஈரமாக இருந்தது.

கூரைக்கு மேல் கொழுந்தனின் தலை எழுந்தது. அவனாக எழவில்லை. யாரோ கீழிருந்து தூக்கிப் பிடித்ததுபோல், கழுத்து ஒரு பக்கமாகத் தொங்க, எழுந்தது. தலைமுடியில் நுரை. முகம் ஜன்னலைப் பார்த்திருந்தது. பின்னால் சுவர். சுவருக்கும் அவனுக்கும் நடுவே யாருமில்லை.

ஸ்பாஞ்சு மட்டும் இருந்தது.

நெற்றியிலிருந்து தாடை வரை அது இறங்கியது. நேராக. நின்றது. மறுபடி நெற்றி. புருவம் அதோடு போனது. மறுபடி. இமைகள் போயின, இமைக்குக் கீழே இருந்ததும் போயிற்று. ரத்தம் இல்லை. நுரை கறுத்து வழிந்தது. மூக்கு தணிந்தது. வாய் ஒரு கோடாயிற்று. ஸ்பாஞ்சு அந்தக் கோட்டின் மேல் இரண்டு தடவை கூடுதலாகப் போனது, பிடிவாதமான அழுக்கைத் துடைப்பதுபோல. கோடும் போயிற்று.

ஒரு கீறல் விழவில்லை.

"டீச்சரம்மா."

அந்த முகத்திலிருந்து வரவில்லை. தரையிலிருந்து வந்தது. அவசரமில்லாத குரல்.

அவள் பின்வாங்கினாள். முதுகில் அலமாரி இடித்தது. "எனக்குக் கேக்கல," என்றாள். "மெஷின் ஓடிட்டு இருந்துச்சு. சத்தியமா எனக்குக் கேக்கல."

"டீச்சரம்மா."

"கேட்டிருந்தா வந்திருப்பேன்."

சொல்லி முடிப்பதற்குள் நாக்கு ஒட்டிக்கொண்டது. இப்போது எந்த மெஷினும் ஓடவில்லை. கொஞ்சம் முன்பும் ஓடவில்லை.

டீச்சரம்மா. டீச்சரம்மா. கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

கூரைக்கு மேல் இருந்தது இப்போது முகம் இல்லை. வழுவழுப்பாக, கறுப்பாக, ஆழமாக மின்னியது. அதில் மஞ்சளாகச் சமையலறை ஜன்னல் தெரிந்தது. ஜன்னலுக்குள் அலமாரியில் சாய்ந்தபடி அவள் தெரிந்தாள், விரல் உயரத்துக்கு, தெளிவாக. ஸ்பாஞ்சு ஒருமுறை தன்னைப் பிழிந்துகொண்டது. பிறகு மேலேறி வந்து, அவள் நெற்றி தெரிந்த இடத்தில் மெதுவாகப் படிந்தது.