ஆள் நின்றால் பேசும்

மாடிப் படுக்கையறைச் சுவரில் இருந்த டேப்லட்டுக்கு லோஷினி ஒயரைச் செருகிக்கொண்டிருந்தபோது, கீழே வாசலில் அவள் குரலே யாரையோ வரவேற்றது.

“வாங்க, வாங்க. ஏன் வெளியவே நிக்கிறீங்க? உள்ள வாங்க.”

லோஷினிக்குத் தூக்கிவாரிப் போடவெல்லாம் இல்லை. தன் குரல் தன்னை விட்டுத் தனியாகப் பேசுவது அவளுக்குப் பழகிவிட்டது. வீடு பார்க்க யாரோ வந்திருக்கிறார்கள், இந்த மழையில் யாரப்பா அது என்றுதான் நினைத்தாள். ஜன்னலுக்குப் போய்க் கம்பி வழியாக எட்டிப் பார்த்தாள். கேட் மூடியிருந்தது. வெளியே காரும் இல்லை, மோட்டார் சைக்கிளும் இல்லை. உலு திராம் ஊருக்குப் பின்னால் புதிதாக எழும்பிய அந்தத் தாமான் குடியிருப்பில் பாதி வீடுகளுக்கு இன்னும் ஆள் வரவில்லை. தெரு முழுக்க ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி கேட்டுகள், எல்லாவற்றின் மேலும் மழை. சாயங்காலம்தான், ஆனாலும் வானம் அடுப்புக்கரியாக இருண்டு கிடந்தது.

வாசலில் மாட்டிய டேப்லட் சும்மா கத்துகிற ரகம் இல்லை. கேட்டிலிருந்து வாசற்படி வரை அதன் கண்ணுக்குத் தெரியும். பூனை ஓடினால் பேசாது, இலை பறந்தால் பேசாது. ஆள் வந்து நிற்க வேண்டும். நின்று, உள்ளே போகலாமா வேண்டாமா என்று தயங்க வேண்டும். அப்போதுதான் அதில் படங்கள் ஓடும், குரல் கூப்பிடும். அப்படி அமைத்தவளே அவள்தான்.

யோசனை மட்டும் வீடு விற்கும் ஏஜெண்டு தங்கராஜுவுடையது. ஒவ்வோர் அறையிலும் ஒரு டேப்லட், அதில் அந்த அறையின் அழகான படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓட வேண்டும், கூடவே ஒரு குரல் விளக்கம் சொல்ல வேண்டும். ஆளை வைத்து வீட்டைச் சுற்றிக் காட்டுகிற வேலை மிச்சம். இந்த மாதிரி விளம்பரங்களை லோஷினி வீட்டிலிருந்தே செய்து கொடுப்பவள். மூவாரில் ஒரு நாற்காலிக் கடைக்கும் தங்காக்கில் ஒரு துணிக்கடைக்கும் செய்திருக்கிறாள். எழுதிக் கொடுத்தால் போதும், கம்ப்யூட்டர் பேசிவிடும். ஆனால் அது செய்தி வாசிக்கிற தோரணையில் ‘தங்கள் வருகைக்கு நன்றி’ என்றதும் தங்கராஜு சிரித்துவிட்டார். இதைக் கேட்டால் நம்ம ஆட்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள் என்றார். வீட்டுக்காரர் வாயால் ‘வாங்க’ என்று சொல்லாமல் நம்மவர்கள் அடுத்தவர் வாசலைத் தாண்டுவதில்லை. கூப்பிட வேண்டும், அதுவும் நம்ம பேச்சிலேயே கூப்பிட வேண்டும். அதனால் லோஷினி தன் குரலையே கொஞ்ச நேரம் பேசிப் பதிந்து கம்ப்யூட்டருக்குக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவள் எழுதியதையெல்லாம் அது அவள் குரலில், அவளைவிட இனிமையாகச் சொன்னது. வீட்டில் என்னிடம் ஒரு நாளாவது இப்படிப் பேசியிருக்கிறாயா என்று அவள் கணவன் ஹேமநாதன் கேலி செய்தான்.

இன்று காலையில்தான் ஒரு புகார் வந்தது. ஆளில்லாத வீட்டில் குரல் விடிய விடியப் பேசுகிறதாம். பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பம் தூக்கம் கெட்டு சத்தம் போடுகிறதாம். ஏதோ ஒயர் கோளாறு, போய்ப் பார்த்துவிட்டு வா என்று தங்கராஜு சாவியைக் கொடுத்தார். பாசிர் கூடாங்கில் வேலை முடித்து வரும் வழியில் ஹேமநாதன் அவளை மோட்டாரில் ஏற்றிக்கொள்வதாகப் பேச்சு.

லோஷினி கீழே இறங்கிப் போனாள். புதுப் பெயின்ட் வாடை போகட்டும் என்று அவள் திறந்து வைத்த கதவு அப்படியே இருந்தது. வாசலில் யாரும் இல்லை. வெள்ளை டைல்ஸின் ஓரத்தில் கொஞ்சம் செம்மண் ஈரமாக ஒட்டியிருந்தது. தன் செருப்பைத் திருப்பிப் பார்த்தாள், அது சுத்தமாக இருந்தது. பெயின்டையும் மீறி ஒரு புளித்த வாடை மூக்கில் ஏறியது. தெரிந்த வாடைதான், என்னவென்று மட்டும் சட்டென்று பிடிபடவில்லை. கதவைச் சாத்திப் பூட்டினாள். சாவிக்கொத்தைக் கதவிலேயே விட்டாள். கையோடு மாற்றிய அறைப் படங்கள் இறங்கட்டும் என்று கைப்பேசியை ஹால் டேப்லட்டின் பக்கத்தில் வைத்துவிட்டு மாடி ஏறினாள். இன்னும் ஒரே ஒரு டேப்லட்தான் பாக்கி, அதை முடித்தால் வீட்டுக்குப் போகலாம்.

படுக்கையறைக்குள் அவள் காலை வைக்கவும், ஹாலில் குரல் எழுந்தது.

“உக்காருங்க. கூச்சப்படாதீங்க. இது உங்க சொந்த வீடு.”

பூட்டிய வீட்டின் ஹாலில்.

நான் நடந்ததைத்தான் அது தாமதமாகப் பிடித்துப் பேசுகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அதற்குள் வாசல் மறுபடி கூப்பிட்டது. கொஞ்சம் பொறுத்து ஹால் உட்காரச் சொன்னது. மறுபடி வாசல். மறுபடி ஹால். இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆள் வாசலிலிருந்து சோபா வரை நடந்து வருகிற நேரம், ஒவ்வொரு தடவையும் அதே நேரம். குரலில் சலிப்பே இல்லை. கல்யாண வீட்டு வாசலில் பன்னீர்ச் செம்போடு நிற்கிற பெண்ணைப் போல, வந்தவர்களையெல்லாம் ஒரே சிரிப்போடு அது உள்ளே விட்டுக்கொண்டிருந்தது.

அவள் படியின் உச்சிக்கு வந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். ஹாலில் ஒருவரும் இல்லை. பிளாஸ்டிக் உறை பிரிக்காத நீள சோபா டேப்லட்டின் வெளிச்சத்தில் பளபளத்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உறையின் ஒரு பக்கம் நொறுநொறுவென்ற சத்தத்தோடு அமுங்கியது. அதன் பக்கத்தில் இன்னொரு குழி. பிறகு முதல் குழி மெல்ல எழும்பி, ஓரமாக நகர்ந்து, மறுபடி அமுங்கியது. வந்தவருக்கு இடம் விடுகிறார்கள்.

அப்போது அந்த வாடை எதுவென்று தெரிந்துவிட்டது. வாளியில் நின்று புளித்த ரப்பர் பால். சிறு வயதில் அம்மாவின் தோட்டத்து வேலைச் சட்டையில் அவள் முகர்ந்த வாடை.

இந்த வேலையைக் கொடுத்த அன்றைக்குத் தங்கராஜு பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். “முன்ன இது ரப்பர் தோட்டம் லா. இங்கதான் ஆளுங்க குடியிருந்த லயம் இருந்துச்சு. வீடு கட்டித் தர்றோம்னு சொல்லி எல்லாரையும் காலி பண்ண வச்சாங்க. எங்க தந்தாங்க? பாதிப் பேரு கேட்டுக் கேட்டே போய்ச் சேந்துட்டாங்க.” அதைக் கேட்ட பிறகுதான் சொந்த வீடு என்ற வார்த்தையை அவள் எழுத்தில் சேர்த்தாள். தோட்டத்து ஆட்களை அந்த வார்த்தை என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். நல்ல விளம்பரம் என்று சந்தோஷமும் பட்டாள். பாதி ஆளில்லாத இந்தத் தெருவில் இத்தனை இரவுகளாகத் தன் குரல் யாரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது என்று இப்போதுதான் உறைத்தது. பயம். வேறொன்றுமில்லை, வெறும் பயம். அழுகைகூட வரவில்லை.

அடுப்படியில் குரல். “பத்துப் பேருக்கும் தாராளமா சமைக்கலாம்.” கூடவே குழாயில் தண்ணீர் விழும் சத்தம்.

பின்னால் இருந்த அறையில் குரல்.

பிறகு படியின் அடியில். “மேல வாங்க. படி அகலம்தான். மெதுவா ஏறுங்க.”

லோஷினி படுக்கையறைக்குள் ஓடிக் கதவைத் தாழிட்டாள். சுவரில் இருந்த டேப்லட்டின் ஒயரைப் பிடுங்கினாள். ஜன்னல் கம்பிக்கதவில் பூட்டு தொங்கியது. அதன் சாவி கீழே, கதவில் விட்ட கொத்தில். கைப்பேசியும் கீழே. சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

ஹேமநாதன் வந்துவிடுவான் என்ற நினைப்பு முதலில் ஆறுதலாக இருந்தது. அடுத்த நொடியே அதுவே பயமானது. வந்தால்? உள்ளே வந்தால்? ஆனால் அவனை அவளுக்குத் தெரியும். கூச்ச சுபாவம். சொந்த மாமா வீட்டில்கூட யாராவது வெளியே வந்து கூப்பிடும்வரை கேட்டருகிலேயே நிற்பான். ஹார்ன் அடிப்பான், கைப்பேசியில் கூப்பிடுவான், அவள் எடுக்காவிட்டால் கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுவான். போகட்டும். போய் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வரட்டும். சாமி, அவர் மட்டும் இந்தப் படியை மிதிக்கக் கூடாது.

மோட்டார் சத்தம்.

பாய்ந்து ஜன்னலுக்குப் போனாள். கண்ணாடியைத் தள்ளித் திறந்து கம்பியில் முகத்தை அழுத்தினாள். மஞ்சள் மழைக்கோட்டில் ஹேமநாதன் கேட்டருகே நின்றான். ஹார்ன் அடித்தான். காத்திருந்தான். “உள்ள வராதீங்க! போயிருங்க!” என்று கத்தினாள். தகரக் கூரைமேல் கொட்டிய மழையையும் தலையில் மாட்டிய ஹெல்மெட்டையும் தாண்டி அது அவனுக்கு எட்டவில்லை. கம்பியை உலுக்கினாள். அவன் நிமிரவில்லை. நின்றான். தயங்கினான்.

மழையையும் மிஞ்சி வாசல் உரக்கப் பேசியது.

“வாங்க, வாங்க. ஏன் வெளியவே நிக்கிறீங்க? உள்ள வாங்க.”

ஹேமநாதன் சிரித்தான். கேட்டைத் தள்ளினான்.

தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு லோஷினி வெளியே ஓடினாள். அறைக்கு அறை அவள் குரல். எல்லாம் ஒரே நேரத்தில். உக்காருங்க. மேல வாங்க. கூச்சப்படாதீங்க. பத்துப் பேருக்கும். அவள் தொண்டை கிழியக் கத்தினாள், அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். அது அந்த வீட்டில் இன்னொரு லோஷினியின் குரல், அவ்வளவுதான். அவள் காதுக்கே பிரித்துத் தெரியவில்லை.

படி உச்சி. இறங்க முடியவில்லை. ஒவ்வொரு படியிலும் செம்மண் பாதங்கள். வெறுங்கால். ஜோடி ஜோடியாக, நெருக்கமாக, எல்லாம் அவள் பக்கம் திரும்பி. மேல்படியில் இருந்த ஜோடியிலிருந்து இன்னும் தண்ணீர் வழிந்தது. காலை வைக்க இடமில்லை.

கீழே, கதவில் சாவி திரும்பியது. உள்பக்கமிருந்து.

கதவு திறந்தது. ஹேமநாதன் மழைக்கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, வாசற்படியில் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தான். மழையில் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. குனிந்தபடியே, வீட்டில் அவளிடம் நீட்டுவதுபோல, ஹெல்மெட்டை உள்ளே நீட்டினான்.

“இந்தா, பிடி.”

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்தது. ரப்பர் பால் காய்ந்து கறுத்த கை. நகக்கண்ணெல்லாம் மண். ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டது. இன்னொரு கை தோள் பையை இறக்கியது. இன்னும் ஒரு கை, முழங்கையில் தாங்கலாகப் பிடித்து, வாசற்படியைத் தாண்டி உள்ளே அழைத்துக்கொண்டது. கதவு சாத்தப்பட்டது.

ஹேமநாதன் சிரித்த முகத்தோடு ஹாலின் நடுவில் நின்றான். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைக்கத் தொடங்கினான்.