இறக்கி வைத்த புகை

நான்காம் நாள் காலையில் லோகநாதன் இட்லித் தட்டைச் சுவரில் விட்டெறிந்தார். சட்னியில் உப்பு தூக்கலாம். உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது. முப்பத்துநாலு வருடமாக நாளுக்கு இருபது சிகரெட் குடித்துப் பழகிய உடம்பு நாலு நாளாகப் பட்டினி கிடந்தது, அவ்வளவுதான் விஷயம்.

கோயம்புத்தூரில் இப்போதெல்லாம் யாரும் தட்டை வீசிப் புகைப் பழக்கத்தை விடுவதில்லை. ஏக்கமாற்றி வந்து ஆறு வருடமாகிவிட்டது. தெருவுக்குத் தெரு இறக்கு நிலையம். மருந்து இல்லை, ஊசி இல்லை. இரண்டு நாற்காலி, இரண்டு தலைக்கவசம். ஒன்றில் புகையை விட நினைப்பவர் உட்காருவார். மற்றதில் அவருடைய ரத்த உறவு ஒருவர், வாழ்நாளில் சிகரெட்டைத் தொட்டே பார்க்காதவர். பொத்தானை அழுத்தினால் இவர் மூளையில் ஊறிக் கிடக்கும் ஏக்கம் அவர் மூளைக்கு இறங்கிவிடும். பழக்கமில்லாத மூளையில் அதற்குப் பிடிமானம் கிடையாது. நாற்பது நாள் அலைந்து திரிந்துவிட்டுத் தானாகக் காய்ந்துபோகும். இறக்கியவர் அன்றைக்கே புகை தொடாத பழைய மனிதர்.

ஏற்றுக்கொண்டவர் பாடுதான் கொஞ்சம் சிரமம். அவர் கையில் மஞ்சள் பட்டை ஒன்றைக் கட்டி அனுப்புவார்கள். பட்டையைப் பார்த்தால் பஸ்ஸில் இடம் கொடுப்பார்கள், ஆபீசில் மேலதிகாரி வாயைத் திறக்க மாட்டார். கல்யாண வீட்டில் ஒருவர் காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், பக்கத்தில் இருப்பவர் கோபப்படாமல் மணிக்கட்டைத்தான் பார்ப்பார். “யாரோடதுங்க, அப்பாவோடதா?” என்று பரிவாக விசாரிப்பார்.

லோகநாதனுக்குக் கணபதியில் மோட்டார் வைண்டிங் பட்டறை. ஒரு சுருளில் ஓடும் மின்சாரம் கம்பி தொடாமலே பக்கத்துச் சுருளில் போய் நிற்பதைத் தினமும் பார்க்கிறவர், ஆகையால் ஏக்கமாற்றியின் சூட்சுமம் ஊரில் மற்றவர்களைவிட அவருக்குச் சட்டென்று புரிந்தது. புரிந்ததால்தான் வேண்டாம் என்றார். என் சனியனை நான் பெத்த பிள்ளை தலையில் ஏற்றுவதா, நானே விட்டுக் காட்டுகிறேன் என்று வீம்பு பிடித்தார். வீம்பு நல்ல வீம்புதான். நாலு நாள்தான் தாங்கியது.

அவர் விட்டே ஆக வேண்டியதற்கு நெஞ்சு டாக்டர் ஒரு காரணம் சொல்லியிருந்தார். அதைவிடப் பெரிய காரணம் மகள் இலக்கியாவின் வயிற்றில் இருந்தது. கல்யாணமாகி எட்டு வருடம். இரண்டு முறை தங்கி, இரண்டு முறையும் போய்விட்டது. அந்த இரண்டு தடவையும் நாள் தள்ளிப்போன வாரமே வீடு வீடாக இனிப்புக் கொடுத்தார்கள். ஊர்க் கண்ணு பட்டுத்தான் போயிற்று என்பதில் அவர் மனைவி பிரமிளாவுக்குத் துளியும் சந்தேகமில்லை. இந்த முறை மூன்று மாதம் முடிகிறவரை வீட்டுக்கு வெளியே ஒரு காக்காய்க்கும் தெரியக்கூடாது என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருந்தாள். ஓமனில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை அங்கே கூட இருப்பவர்களிடம்கூட மூச்சு விடவில்லை.

இலக்கியாவும் தன் பங்குக்கு ஒன்று சொல்லியிருந்தாள். புகை வாடை அடிக்கிற யாரும் என் குழந்தையைத் தூக்கக்கூடாது. பெயர் சொல்லாமல்தான் சொன்னாள். லோகநாதனுக்கு அது சுருக்கென்று தைத்தது. பேரப்பிள்ளையைத் தூக்காமல் என்ன தாத்தா என்று அன்று சாயங்காலமே பாக்கெட்டைச் சாக்கடையில் போட்டார்.

இப்போது அவர் எறிந்த தட்டு சுவரில் பட்டுத் திரும்பி இலக்கியாவின் காலடியில் விழுந்து சுழன்றது. அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். தன்னைப் பார்த்து மகள் வயிற்றைப் பொத்துகிறாள் என்று புரிந்ததும் லோகநாதன் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

அவள்தான் வந்து தோளைத் தொட்டாள்.

“நானே ஏத்துக்கறனுங்கப்பா. நாப்பது நாள்தானுங்களே.”

வேறு ஆளும் இல்லை. பிரமிளா ரத்த உறவு கிடையாது. அவருடைய தம்பிகள் இரண்டு பேரும் செங்கல் சூளை மாதிரி புகைகிறவர்கள். இலக்கியா ஒரே மகள். வயிற்றில் இருக்கும்போது இது ஆகுமா என்று பிரமிளா இழுத்தாள். மருந்தா மாத்திரையா, மூளை சமாச்சாரம் வயிற்றுக்கு என்ன செய்துவிடப் போகிறது என்று மூன்று பேரும் பேசிப் பேசித் தேற்றிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இறக்கு நிலையத்தில் உட்கார இடமில்லை. அண்ணனுடையதை ஏற்க வந்திருந்த எதிர்வீட்டு ருக்மணி இவர்களைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தாள். அவள் காதில் ஒன்று விழுந்தால் மதியத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். நர்ஸ் ஒவ்வொருவராக நிறுத்தி, எல்லோர் முன்னாலும் சத்தமாகக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். சர்க்கரை உண்டா, வலிப்பு வந்திருக்கிறதா, தலையில் அடிபட்டிருக்கிறதா.

“கர்ப்பமா இருக்கீங்களாம்மா?”

இலக்கியா அப்பாவைப் பார்த்தாள். ருக்மணியும் திரும்பிப் பார்த்தாள். லோகநாதனுக்குப் பல்லெல்லாம் கூசியது, உள்ளங்கை அரித்தது. இந்தப் பெண் இன்னும் எத்தனை கேள்வி கேட்பாள் என்று எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. சீக்கிரம் ஆரம்பிங்க.”

நர்ஸ் மறுபடி இலக்கியாவைப் பார்த்தாள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நர்ஸ் இல்லை என்று குறித்துக்கொண்டாள்.

கண்ணு பட்டுவிடும் என்றுதான் அப்படிச் சொன்னார் என்று வைத்துக்கொள்ளலாம். பாதி அதுதான். மீதிப் பாதி, அந்த நேரம் அவர் வாயால் பேசியது முப்பத்துநாலு வருட ஏக்கம். அதற்கு எப்படியாவது அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். இந்த மீதிப் பாதியைப் பின்னால் அவர் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் ஒரு நாளும் மறக்கவுமில்லை.

இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. வெளியே டீக்கடையில் ஒருவன் ஆழ இழுத்துப் புகை விட்டுக்கொண்டிருந்தான். லோகநாதன் நின்று அவனைப் பார்த்தார். ஒன்றுமே தோன்றவில்லை. பஸ்ஸில் முகம் தெரியாத ஆளின் பயணப் பெட்டியைப் பார்ப்பதுபோல இருந்தது. அப்பாடா என்று சிரித்தார். பின்னால் மஞ்சள் பட்டையோடு வந்த இலக்கியா, நடுரோட்டில் நின்று என்ன இளிப்பு என்று அப்பாவிடம் சீறினாள். அவள் அப்பாவிடம் அப்படிப் பேசியதே இல்லை.

எட்டு நாள் வீடு அமளிப்பட்டது. நகத்தைக் கடித்தாள், போனைத் தூக்கி அடித்தாள், காபி கசக்கிறது என்று அழுதாள். லோகநாதன் எல்லாவற்றையும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டு, கேட்டதையெல்லாம் வாங்கி வந்து கொடுத்தார். ஒன்பதாம் நாள் காலை அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு பல் தேய்த்தாள். ஏக்கம் போன இடம் தெரியவில்லை. நாற்பது நாள் என்றார்களே என்று நிலையத்துக்குப் போன் செய்தால், சிலருக்குச் சீக்கிரமே காய்ந்துவிடும், அதிர்ஷ்டம்தான் என்றார்கள். பிரமிளா மகளுக்குச் சுற்றிப் போட்டாள். எங்கே போயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை.

மூன்று மாதம் முடிந்து ஊருக்கெல்லாம் இனிப்புக் கொடுத்தார்கள். மார்கழியில் பெண் குழந்தை பிறந்தது. கையும் காலும் குறையில்லாத, தலை நிறைய முடியோடு அழகான குழந்தை. லோகநாதன் குளித்து, துவைத்த வேட்டி கட்டி, குழந்தையைக் கையில் வாங்கினார். அது அவர் கையிலேயே அழ ஆரம்பித்தது.

குழந்தை என்றால் அழத்தான் செய்யும். ஆனால் இது பாலுக்கும் அடங்கவில்லை, தாலாட்டுக்கும் அடங்கவில்லை. முகம் நீலம் பாரித்து, விரலை மடக்கிக்கொண்டு, ஈரக்குலை நடுங்கும்படி அழும். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். பிறகு சோர்ந்து அடங்கும். மறுபடி ஆரம்பிக்கும். உரமருந்து கொடுத்துப் பார்த்தார்கள், மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். இரண்டு மாதத்தில் இலக்கியாவின் கண்ணைச் சுற்றிக் கருவளையம் படர்ந்துவிட்டது.

ஒரு நாள் பட்டறைக்குப் போகாமல் லோகநாதன் தொட்டிலருகே உட்கார்ந்திருந்தார். காலை ஆறு பத்துக்கு ஒரு அழுகை. அவர் காபி குடித்து முடிக்கிற நேரம். ஒன்பதுக்கு ஒன்று, பட்டறை ஷட்டரைத் தூக்குகிற நேரம். பதினொன்றுக்கு ஒன்று, அது டீ. இருக்காது என்று சொல்லிக்கொண்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு முன்பெல்லாம் அவர் இரண்டு சிகரெட் பிடிப்பார். ஒன்று முடித்து, பத்து நிமிடம் கழித்து இன்னொன்று. ஒன்றரைக்குக் குழந்தை அழுதது, அடங்கியது. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று நாற்பதுக்கு மறுபடி அழுதது.

மூளை மருத்துவர் குழந்தையின் மூளைப் படத்தைத் திரையில் காட்டிப் பொறுமையாகத்தான் பேசினார். வளர்ந்த மூளையில் அது அலைந்துவிட்டுப் போய்விடும். உருவாகிக்கொண்டிருக்கிற மூளை கிடைத்தால் அங்கே இறங்கி, அதோடு சேர்ந்தே வளரும். வேர் விட்டுவிட்டது. லோகநாதன் எழுந்து நின்று, திரும்ப எனக்கே ஏற்றுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஒருமுறை இறக்கிய மூளை மறுபடி ஏற்காது என்றார் மருத்துவர். வேறு யாருக்காவது இறக்கலாமென்றால் குழந்தைக்குப் பதினெட்டு வயதாக வேண்டும், அதற்கு முன்னால் அந்தத் தலையில் கவசம் வைத்தால் உயிருக்கு ஆபத்து.

“கர்ப்பமான்னு நிலையத்துல கேட்டாங்களா, கேக்கலையா?”

“கேட்டாங்க.”

“யார் இல்லைன்னு சொன்னது?”

இலக்கியா குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான்தானுங்க,” என்றார் லோகநாதன்.

மருத்துவர் அதைக் குறித்துக்கொண்டார். வீட்டில் யாரும் அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

தொட்டிலில் போடப் பழைய துணி தேடியபோது பிரமிளாவுக்குப் பரணில் ஒரு மூட்டையிலிருந்து அவருடைய பழைய பட்டறைச் சட்டை கிடைத்தது. புகையை விடுவதற்கு முன்னால் போட்டது. பல வருடப் புகையும் வியர்வையும் மோட்டார்க் காயிலுக்குப் பூசும் வார்னிஷும் அதில் ஏறிப்போயிருந்தன. மெத்தென்று இருக்கிறதே என்று யோசிக்காமல் விரித்துவிட்டாள். குழந்தை அழுதுகொண்டே முகத்தைத் திருப்பியது, மூக்கைச் சட்டையில் புதைத்தது, நிறுத்தியது. இரண்டு மணி நேரம் தூங்கியது. இலக்கியாவும் பக்கத்திலேயே சுருண்டு தூங்கினாள்.

ஒன்பது நாள் வந்தது அந்தச் சட்டை. வாசனை தீர்ந்ததும் அழுகை திரும்பியது. தட்டில் சிகரெட்டைக் கொளுத்தித் துணிக்குப் புகை காட்டினார்கள். குழந்தை அதைத் தள்ளிவிட்டு இன்னும் கூடுதலாகக் கத்தியது. தம்பி ஒருவரின் சட்டையைக் கேட்டு வாங்கிப் போட்டார்கள். அதுவும் ஆகவில்லை. அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு புகை, தாத்தாவின் மூச்சில் வந்த புகை.

மறுநாள் காலை ஒன்பது மணி. உள்ளே குழந்தை கதறிக்கொண்டிருந்தது. இலக்கியா வாசலில் வந்து நின்றாள். கையில் அவருடைய பட்டறைச் சட்டை ஒன்று, அதன் மேல் ஒரு சிகரெட் பாக்கெட், தீப்பெட்டி. அவளே கடைக்குப் போய் வாங்கி வந்திருக்கிறாள்.

“தூரமாப் போய் நின்னு பிடிச்சுட்டு வாங்கப்பா.” அவர் முகத்தைப் பார்க்காமல் சட்டையை நீட்டினாள். “சட்டையை மட்டும் கழட்டிக் குடுங்க, போதும்.”

லோகநாதன் சட்டையை மாட்டிக்கொண்டு தெருக்கோடிக்குப் போனார். நெஞ்சு டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. பற்ற வைத்தார். ஆசை என்று மருந்துக்கும் இல்லை. எரிந்துபோன மோட்டார்க் காயிலின் நாற்றம்தான் வாயெல்லாம். இரண்டாவது இழுப்பிலேயே குமட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தையும் இழுத்து, புகையைச் சட்டைக்குள் ஊதினார். எதிர்வீட்டு ருக்மணி வாசல் பெருக்குவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். இறக்கி வைத்த மனிதர் ஒருவர் மறுபடி பிடிப்பதை அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

சட்டையை வாங்கிக்கொண்டு இலக்கியா உள்ளே ஓடினாள். அழுகை நின்றது. லோகநாதன் கதவருகே நின்று எட்டிப் பார்த்தார். குழந்தை சட்டைக் காலரைக் கன்னத்தோடு அணைத்துக்கொண்டு, அவர் பக்கம் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தது. பிறந்ததிலிருந்து முதல் சிரிப்பு. அவர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

இலக்கியா குழந்தையோடு ஓரடி பின்னால் நகர்ந்தாள். ஒரு கை தானாகக் குழந்தையின் தலையைப் பொத்தியது.

“குளிச்சுட்டு வந்து தூக்குங்கப்பா. கைக்குழந்தைக்குப் புகை ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருங்கல்ல.”

சரி கண்ணு என்று அவர் பின்கட்டுக்குப் போனார். சோப்பைப் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தார். வாயைக் கொப்பளித்தார், வேப்பங்குச்சியால் பல் விளக்கினார், மறுபடி தேய்த்தார். எவ்வளவு தேய்த்தும் விரலிடுக்கில் வாடை போகவில்லை. ஒருவழியாகத் துவைத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு தலையைத் துவட்டும்போது மணி பதினொன்று ஆகியிருந்தது. உள்ளே குழந்தை அழ ஆரம்பித்தது. இலக்கியா வாசனை தீர்ந்த சட்டையையும் சிகரெட் பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.