பாட்டிலிருந்து நீக்கியது

பாட்டு ஓடிக்கொண்டிருக்க, ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்த பிறகும் அந்த மொத்தல் கேட்டது. கேட்டிருக்கக் கூடாது. முற்பகல் முழுவதும் உட்கார்ந்து, தம்பியின் பழைய பாட்டொன்றிலிருந்து அதைத் துண்டு துண்டாகப் பிரித்தெடுத்து அவள் நீக்கியிருந்தாள். ஈரத்துணி சுற்றிய கட்டையால் மாவு மூட்டையை யாரோ அடிப்பது போன்று, தாளத்துக்குச் சற்றே பின்தங்கி வந்துகொண்டிருந்த அந்த ஒலி இப்போது பாட்டில் இல்லை, வீட்டுக்குள் இருந்தது. பின்னறைக் கதவுக்கு அப்பால், நிதானமாக ஒரு முறை. சிறிது பொறுத்து, இன்னொரு முறை.

கதவைத் தள்ளினாள். ஒலிநாடாப் பெட்டிகளின் புளித்த நெடி முகத்திலடித்தது. தம்பி கட்டில் விளிம்பில் அமர்ந்து, இடத்தோளை வலக்கையால் பொத்திக்கொண்டிருந்தான்.

"என்னடா சத்தம்?"

"கட்டில்தான்க்கா. அதுக்கும் வயசாகுதுல்ல."

அவன் சிரித்தான். உதடு மட்டும் சிரித்தது.

இளமையில் இவன் வெளியிட்டவை இரண்டே இசைத்தட்டுகள். பின்னோக்கி ஓடும் கிடார், நீருக்கடியிலிருந்து எழுவது போன்ற குரல், பாதியில் திசை மாறிப் பறந்துவிடும் மெட்டு. அதற்காகவே 'தும்பி' என்று பெயரிட்டு ஒரு கூட்டம் அவனை வழிபட்டது. ஒருநாள் மேடையில், பாட்டின் நடுவில், கிடாரைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்து வந்தவன், இந்தப் பின்னறையில் தனியே பாடிப் பாடி நாடாக்களை நிரப்பினான். பின்னர் அதையும் நிறுத்தினான். ரசிகர்களில் பெரும்பாலோர் அவன் இறந்துவிட்டதாகவே நம்பினர். கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வரும் நரைத்த மனிதரை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

எப்படியோ வெளியே கசிந்த சில பதிவுகளைப் 'பைத்தியத்தின் புலம்பல்' என்று தலைப்பிட்டுக் கைக்குக் கை மாற்றிச் சிரித்த கயமையை அவளால் பொறுக்க முடியவில்லை. ஆயுள் முழுவதும் பிறருடைய பழைய ஒலிப்பதிவுகளின் இரைச்சலைத் துடைத்துக் கொடுத்தவள் அவள். தம்பியின் பாட்டு மட்டும் அழுக்கோடு கிடக்க வேண்டுமா? பின்னறை நாடாக்களை வெளியிட ஒரு வெளியீட்டாளர் தேடி வந்தபோது ஒரே நிபந்தனையுடன் சம்மதித்தாள்: துடைப்பது அவளாகத்தான் இருக்க வேண்டும்.

"அட்டையில பிறந்த வருஷம் போட்டு, பக்கத்துல ஒரு சின்னக் கோடு போட்டிருக்கோம் மேடம்," என்றார் அவர். "கோட்டுக்கு அப்புறம் ஒண்ணும் போடல. பொய்யும் இல்ல பாருங்க."

"அவன் உள்ள சாப்பிட்டுட்டு இருக்கான்."

"இருக்கட்டும், நல்லா இருக்கட்டும். யாரும் கேட்கல, நாமளும் சொல்லல. அவ்வளவுதானே?"

அவள் அட்டையை அப்படியே விட்டுவிட்டாள். கேட்கிறாயா என்று தம்பியிடம் ஹெட்போனை நீட்டியபோது, "செத்தவங்க பாட்டெல்லாம் நான் கேக்கறதில்லக்கா," என்று சொல்லிவிட்டு அவன் தட்டைக் கழுவப் போனான்.

நீக்குவது எளிதாகவே இருந்தது. எல்லாப் பாட்டுகளிலும் அதே மொத்தல். காலால் தரையைத் தட்டிப் பாடுகிறான் என்று எண்ணிக்கொண்டாள். நீக்க நீக்கப் பாட்டு ஒளிர்ந்தது. முடித்த ஒவ்வொரு பாட்டையும் வெளியீட்டாளருக்கு அனுப்பினாள். தம்பியோ முழுக்கைச் சட்டையை விடாமல் அணியத் தொடங்கினான். சோற்றுத் தட்டை இடக்கையால் தூக்க முடியாமல் வைத்தான். குளியலறைக் கதவிடுக்கில் ஒருமுறை அவன் முதுகைக் கண்டாள். கத்திரிக்காயின் நிறத்தில் பட்டை பட்டையாகக் கன்றியிருந்தது.

"வழுக்கி விழுந்துட்டேன்."

"முதுகு முழுக்கவா?"

"நல்லா விழுந்தேன்."

எல்லாப் பாட்டுகளும் போய்ச் சேர்ந்த மறுநாள் மாலை. சன்னல் வழியாக வெயில் தரையில் நீண்டு கிடந்தது. அவள் பின்னறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தம்பி சுவரோரம் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். கைப்பேசி ஒலித்தது.

"மேடம், அற்புதம்! ஆபீஸ்ல எல்லாரும் உட்கார்ந்து கேட்டுட்டு இருக்கோம். நீங்களே கேளுங்க."

கைப்பேசிக்குள்ளிருந்து தம்பியின் இளங்குரல் தெளிந்த நீராய் எழுந்தது. அதே கணம், எதிரே நின்றிருந்த தம்பியின் தோள் உள்வாங்கியது. யாருமில்லை. காற்று அசையவில்லை. மொத்தென்ற ஒலி மட்டும். அவன் சுவரில் மோதிச் சரிந்தான். மீண்டும் மொத்தல், விலாவில் ஒரு பள்ளம் விழுந்து, சட்டைத்துணி அதற்குள் பதிந்து, மெல்ல எழுந்தது. தாளத்துக்குச் சற்றே பின்தங்கி. அவள் நீக்கிய அதே இடங்களில்.

"நிறுத்துங்க! பாட்டை நிறுத்துங்க!"

பாட்டு நின்றது. அடியும் நின்றது.

தம்பி தரையில் சுருண்டு, வாயில் ஊறிய இரத்தத்தை விழுங்கினான்.

"காலால தாளம் போடுறேன்னு நினைச்சேன்டா," என்றாள்.

"நான் என்னைக்குக்கா தாளத்துக்குள்ள நின்னிருக்கேன்?" மூச்சு வாங்கினான். "அது என்னைத்தான் அடிச்சிட்டிருந்துச்சு. எனக்குப் பதிலா பாட்டைக் கொடுத்தேன். அதை அடிச்சிக்கிட்டு அங்கேயே இருந்துடுச்சு. இப்ப நீ அதை வெளிய எடுத்துட்ட. அதுக்கு அடிக்க ஏதாவது வேணும்ல?"

"ஏன்டா சொல்லல?"

"சொன்னேனே. பைத்தியம்னு சேர்த்தீங்களே, அந்த ஆஸ்பத்திரியில எல்லார்கிட்டயும் சொன்னேன். நீயும் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்த."

அவள் கைப்பேசியை எடுத்தாள். இணைப்பு துண்டிக்கப்படவில்லை. "வெளியிடாதீங்க. பழைய பிரதியை அனுப்புறேன், அதைப் போடுங்க. கெஞ்சிக் கேட்கிறேன்."

"என்ன மேடம் விளையாடுறீங்க? இன்னைக்குப் பொழுது சாயும்போது எல்லா இடத்துலயும் ஒண்ணா வருது. லட்சக்கணக்கான பேர் காத்திட்டிருக்காங்க. இனி என் கையில எதுவும் இல்ல."

வெயில் தரையிலிருந்து சுவருக்கு ஏறியிருந்தது.

ஓடிப்போய் மூல நாடாவை எடுத்தாள். பழைய கருவியில் மாட்டி, ஒலியை உச்சத்துக்குத் திருகினாள். பாட்டும் மொத்தலும் சேர்ந்து வீட்டை உலுக்கின. இங்கே இருக்கிறது உன் பாட்டு, இங்கேயே அடி என்று அவள் உள்ளுக்குள் மன்றாடினாள். தம்பியைக் கட்டிலில் கிடத்தி, தானும் ஏறி, அவன் தலையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அவன் எலும்பும் தோலுமாய் இருந்தான். சிறுவயதில் இடிக்கு அஞ்சி ஒடுங்கியதைப் போலவே ஒடுங்கினான்.

சன்னலில் வெளிச்சம் மங்கியது.

முதல் அடி அவன் முழங்காலில் விழுந்தது.

எங்கோ ஒருவர் கேட்கத் தொடங்கிவிட்டார்.

அடுத்தது தொடையில். அடுத்தது கையில். பிறகு இரண்டு ஒரே சமயத்தில். பிறகு கணக்கில்லை. கூரைமேல் ஆலங்கட்டி விழுவதைப் போல அவன்மேல் விழுந்தன. அவள் முழு உடம்பாலும் அவனை மூடினாள். பயனில்லை. அடிகள் அவளை ஊடுருவிச் சென்றன. அவளுக்கு வலிக்கவேயில்லை. தன் வயிற்றுக்கடியில் அவன் எலும்புகள் முறிவதை மட்டும் அறிந்தாள்.

அவன் பாட முயன்றான். பல ஆண்டுகளுக்குப் பின் அந்தத் தொண்டையிலிருந்து ஒரு மெட்டு எழுந்தது. கரகரத்த, புதிய மெட்டு. அடிகள் தயங்கின. ஒரு மூச்சு நேரம் அவன்மேல் எதுவும் விழவில்லை.

"பாடு! நிறுத்தாதே! பாடுடா!"

வாயில் விழுந்தது அடி. பற்கள் அவள் கழுத்தில் தெறித்தன.

"அக்கா..."

அடுத்த அடி தாடையில்.

அதன்பின் அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவள் கன்னத்தைச் சுட்டுக்கொண்டிருந்த மூச்சு குறைந்தது. நின்றது. அவன் மார்பில் காதை வைத்தாள். ஒன்றுமில்லை. முடிந்தது என்று எண்ணினாள். முடிந்ததே என்றுகூட எண்ணினாள்.

அவன் கை உயர்ந்து விழுந்தது.

தோள் குலுங்கியது.

தலை இப்புறம். அப்புறம்.

கருவியில் நாடா ஓடி முடிந்து, அதன் நுனி சுழன்று சுழன்று தட்டியது. எதிர்வீட்டு விளக்கு எரிந்தது. திறந்த சன்னலிலிருந்து தம்பியின் பாட்டு, மாசு மருவற்று, இனிமையாக மிதந்து வந்தது. கூடவே ஒரு சிறுமியின் குரல் முணுமுணுத்துப் பாடியது.

"அம்மா, இன்னொரு தடவை போடும்மா. இந்தப் பாட்டையே போடும்மா."

பாட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது. அவள் கைகளுக்குள், உருக்குலைந்து, எலும்பற்றுத் துவண்டு கிடந்த அது துள்ளி எழுந்தது. விழுந்தது. மறுபடியும் எழுந்தது. தாளத்துக்குச் சற்றே பின்தங்கி.