இடப்பக்கம் சுற்றும் மோட்டார்

நெஸ்தோர் ஷாஃப்டை வலப்பக்கமாகத்தான் தள்ளிவிட்டான். மோட்டார் இடப்பக்கமாகச் சுற்றியது.

பழைய சலவை இயந்திரத்திலிருந்து கழற்றிய மோட்டார் அது. தேங்காய் துருவ, ஷாஃப்ட் முனையில் முள் உருண்டை ஒன்றைப் பொருத்தியிருந்தான். கண்டன்சர் செத்துப்போயிருந்தது. கரண்ட் கொடுத்தால் 'உம்ம்' என்று முனகிக்கொண்டு அசையாமல் கிடக்கும்; கையால் ஒரு தள்ளு தள்ளினால், தள்ளிய பக்கமே சுற்றும். வேறு பக்கம் சுற்றவே முடியாது. பிளக்கைப் பிடுங்கி, மறுபடி செருகி, மறுபடி வலப்பக்கமாகத் தள்ளினான். ஷாஃப்ட் அவன் விரலோடு ஒரு கணம் முரண்டு பிடித்துவிட்டு, இடப்பக்கம் திரும்பி வேகமெடுத்தது.

அவசரமாகப் பிளக்கைப் பிடுங்கித் தரையில் போட்டான்.

"என்னய்யா, இன்னுமா அதோட மல்லுக்கட்டுறே?" வீங்கிய மணிக்கட்டில் துணி சுற்றியபடி மிலா எட்டிப் பார்த்தாள். நாளை ஊர்த் திருவிழா. பாதி ஊர் அவளிடம்தான் பிபிங்கா, தேங்காய் போட்ட அரிசிப் பணியாரம், சொல்லி வைத்திருந்தது. அத்தனை தேங்காயையும் கையால் துருவினால் அந்த மணிக்கட்டு மிஞ்சாது.

"இதோ முடிஞ்சிரும்."

"கல்யாணம் ஆன நாள்லேருந்து இதத்தான் சொல்றே." சிரித்தவள் சட்டென்று முகம் மாறினாள். "ஆமா, சாவு வீட்லேருந்து நேரா வரலயே? வழியில எங்கயாவது நின்னுட்டுத்தானே வந்தே?"

"பேக்கரியில நின்னேன்."

"அப்ப ரொட்டி எங்கே?"

"தீந்துபோச்சாம்."

பொய். துக்க வீட்டிலிருந்து யாரும் நேராக வீட்டுக்கு வரமாட்டார்கள். கடையிலோ சந்தையிலோ கொஞ்சம் நின்று, பின்னால் வருவதை அங்கே உதறிவிட்டுத்தான் வருவார்கள். ஆனால் மோட்டார் கனத்தது, மழையும் பிடித்துக்கொண்டது. இறந்துபோன தாதோங் அண்ணனின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில், துக்கம் காக்க வந்தவர்களின் சீட்டாட்டம் நடந்துகொண்டிருந்தபோது, அவர் மனைவிதான் மோட்டாரைத் தூக்கிக் கொடுத்திருந்தாள். "எனக்குத் தேங்காய் துருவற மெஷின் செஞ்சு தரேன்னு கடைசி வரைக்கும் இதையே கட்டிக்கிட்டு அழுதாருப்பா. முடிக்கவே இல்ல. உன் பொண்டாட்டிக்காவது ஆகட்டும்."

தாதோங் அண்ணன் இடதுகைக்காரர்.

நெஸ்தோர் மோட்டாரை விட்டு நகர்ந்து நின்றான். தகரக் கூரையில் மழை ஓய்ந்து, ஓட்டையில் சொட்டும் நீர் மட்டும் வாளியில் விழுந்துகொண்டிருக்க, கிரீஸ் வாடைக்கு அடியிலிருந்து வேறொரு வாடை, சவப்பெட்டியருகே மணத்த வாடிய பூவும் மெழுகுமாக, மெல்ல மெல்ல எழுந்து அறையெங்கும் பரவியது. இப்போதே இதைக் கொண்டுபோய்ப் பேக்கரி வாசலில் வைத்துவிட்டு வந்தால்? தாமதமானாலும் உதறியதுதானே? சாக்கு எடுக்கக் கொல்லைக்கு ஓடினான்.

விளக்கு அணைந்தது. தெரு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. அந்திக் கருக்கல் முற்றத்தில் இறங்கியது.

உள்ளே மோட்டார் சுற்ற ஆரம்பித்தது.

சீராக. கனமாக. தேங்காயில் பல் பதியும் கரகர ஓசையும் சேர்ந்துகொண்டது.

"மிலா! அதைத் தொடாதே!"

ஓடிவந்தவன் அறை வாசலில் நின்றுவிட்டான். பிளக் அவன் போட்ட இடத்திலேயே, தரையில் கிடந்தது. மிலா அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, தேங்காய் மூடியை முள் உருண்டையில் அழுத்திக்கொண்டிருந்தாள். உருண்டை இடப்பக்கமாகச் சுற்றியது. வெளியே தள்ள வேண்டிய மூடியை உள்ளே, உள்ளே இழுத்தது.

"அதான் ஓடுதுல்லய்யா," என்றாள், தலையைத் திருப்பாமல். "போதும், கையை எடு."

நெஸ்தோரின் இரண்டு கைகளிலும் சாக்கு இருந்தது.

"உன் கை ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு? விடு. வலிக்குது. விடுய்யா!"

அவள் கையின் மேல் இன்னொரு கை அழுந்தியிருந்தது. இடது கை. நகக்கண்ணில் கிரீஸ். முழங்கைக்கு அப்பால் எதுவும் இல்லை.

பாத்திரத்தில் வெள்ளையாக உதிர்ந்துகொண்டிருந்த துருவல் சிவக்கத் தொடங்கியது.